குளிரவிடாத கை

"மேடம், என் வண்டியோட ஏ.சி.யை யாரோ திட்டம் போட்டுக் கொல்றாங்க. உயிர் குடுத்துக் கூட்டிட்டு வந்தா, கொஞ்ச நாள்லயே மறுபடியும் கொல்றாங்க. இது நாலாவது சாவு."

"பாடி எங்க இருக்கு?" என்றான் ஸ்டெப்னி.

"கீழ, ரோட்டுல நிறுத்தியிருக்கேன்."

வந்தவர் சிரிக்கவில்லை. வாடகைக் கார் டிரைவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத பெரிய உருவம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்புப் பை தொங்கியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணிக்கு ஐம்பத்துச் சொச்சம் வயது. பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின கார்களைச் சுற்றி வந்து, எப்படி நசுங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். உதவியாளன் நாற்பதைத் தொடப்போகிறவன். எந்த உத்தியோகத்திலும் நிலைக்காமல், யார் லீவு போட்டாலும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவன். காரின் உதிரிச் சக்கரத்துக்குச் சொல்லும் ஸ்டெப்னி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

"பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினீங்களா?" சர்வேயர் கேட்டார்.

"காட்டினேன். கம்ப்ரஸர் போச்சு, முழுசா மாத்தணும்னுட்டான். அவன் சொன்ன விலைக்கு நான் வண்டியையே அவன் தலையில கட்டிட்டு வந்திருக்கலாம். மேடம், ஏர்போர்ட் சவாரி எல்லாம் போச்சு. ஏறி உட்கார்றாங்க, வெந்நீர்ல கால வெச்ச மாதிரி குதிச்சு இறங்கிடறாங்க. உள்ளூர்லயே சுத்திட்டு இருக்கேன். வீட்டுல வேற, வண்டியை வித்துட்டுக் கடை வைக்கலாம்னு ரொம்ப நாளா நச்சரிக்கறா."

"யார் மேல சந்தேகம்?"

"எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் இருக்கான். கூலிங்னு கூப்பிடுவோம். ராத்திரியும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட மாட்டான். என் சவாரி எல்லாம் இப்ப அவனுக்குத்தான் போகுது."

சர்வேயர் உள்ளறைக்குப் போய்த் தன் பழைய கருவிப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் டிரைவரின் தாடை மார்பில் விழுந்திருந்தது. மேஜை அதிர்கிற மாதிரி குறட்டை. அது திடீரென்று நின்றது. அறை நிசப்தமானது. பிறகு யாரோ இறுக்கிய கழுத்தைச் சட்டென்று விட்டதுபோல ஒரு பெரிய இழுப்பு. அவர் விழித்துக்கொண்டு, "அதான் மேடம் விஷயம்," என்றார், தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தவர் போல.

"கேஸை நம்ம கையில ஒப்படைச்சுட்டு நிம்மதியாக் கிளம்பிட்டாருன்னு நெனச்சேன்," என்று ஸ்டெப்னி முணுமுணுத்தான்.

"வெயில்ல அலையற மனுஷன். சும்மா இரு," என்றார் சர்வேயர்.

டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் முதலில் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

தகரக் கூரையின் கீழே ஐந்தாறு கார்கள். கூலிங் தன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கின் மேல் கறுப்புக் கண்ணாடி.

"அவர் வண்டி ஏ.சி. கெட்டது தெரியுமா?" என்று சர்வேயர் ஆரம்பித்தார்.

"ஸ்டாண்டுக்கே தெரியும்."

"உங்களுக்கு வருத்தமா, சந்தோஷமா?"

"நிஜத்தைச் சொல்லவா, பொய்யைச் சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லுங்க, நாங்க பிரிச்சு எடுத்துக்கறோம்," என்றான் ஸ்டெப்னி.

கூலிங் துணியை உதறினான். "அந்த ஏ.சி. கெட்டே கிடக்கட்டும்னு வேண்டிக்கறேன். இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க. கூடத் தொழில் பண்றவன் சோத்துல நான் மண்ணைப் போட மாட்டேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

"மண்ணைப் போட மாட்டானாம், ஆனா ஏ.சி. கெடணுமாம். மேடம், இவன் கண்ணாடியை மட்டுமில்ல, பேச்சையும் கறுப்பா மாட்டியிருக்கான்," என்றான் ஸ்டெப்னி, நடந்துகொண்டே.

வேண்டிக்கொள்கிறவன் செய்கிறவனாக இருப்பது அபூர்வம் என்று சர்வேயருக்குப் பட்டது.

டிரைவரின் வீடு ஒரு குறுகலான தெருவில் தரைத் தளத்தில் இருந்தது. கார் பாதி நடைபாதையில் ஏறி நின்றது. திறந்த ஜன்னலுக்குள் ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்று, டிரைவரின் மனைவி இரண்டு தம்ளரில் டீயோடு வெளியே வந்தாள். ஒடிசலான பெண். சேலை முந்தானையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"இவங்கதான் கண்டுபிடிக்கப் போறாங்க," என்று டிரைவர் அறிமுகம் செய்தார்.

"கண்டுபிடிச்சுத்தான் ஆகணுமா?" என்றாள் அவள். உடனே, "வெயில்ல நிக்கறீங்களேன்னு சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சர்வேயர் பானெட்டைத் தூக்கினார். "ஸ்டார்ட் பண்ணுங்க. ஏ.சி.யைப் போடுங்க."

எஞ்சின் ஓடியது. காற்று வந்தது, சூடாக வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெப்னி தலையை வெளியே நீட்டினான். "மேடம், இது காரில்ல. ஈரத்துணி காயப்போடற இடம்."

"சத்தம் போடாதே. கேக்கணும்." சர்வேயர் எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தார். "ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸர் முன்னாடி இருக்கற இந்தத் தட்டு டக்குனு ஒட்டிக்கிட்டுச் சுத்தணும். ஒட்டவே இல்ல பாருங்க. இதைப் பாத்துட்டுத்தான் ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரஸர் போச்சுன்னுட்டாங்க."

"போகலையா?" டிரைவரின் குரல் உயர்ந்தது.

பையிலிருந்து ஒரு நீள ஒயரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து, மறுமுனையைக் கம்ப்ரஸருக்குப் போகும் பின்னில் தொட்டார்.

டக்.

தட்டு சுழன்றது. சற்று நேரத்தில் ஒரு குழாய் தொட்டால் சில்லிட்டது.

"கம்ப்ரஸருக்கு உயிர் இருக்கு. கேஸும் இருக்கு. வேலைக்குக் கூப்பிட வேண்டிய கரண்ட்தான் வரல. பெரிய செலவே கிடையாது. ஃப்யூஸைப் பாரு, ஸ்டெப்னி."

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. சர்வேயர் அதே பெட்டியில், ஹார்னுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைப் பிடுங்கி ஏ.சி. ரிலேயின் இடத்தில் செருகினார். ஏ.சி. ரிலேயை ஹார்னுக்குக் கொடுத்தார். ஹார்ன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது.

"ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்களா?" என்றான் ஸ்டெப்னி.

"இந்த வண்டியில ஆமா. ஹார்ன் அடிக்குதுன்னா ஏ.சி. ரிலேயும் நல்லா இருக்குன்னு அர்த்தம். புது ரிலே வாங்கிப் பாக்க வேண்டியதில்ல." சர்வேயர் கையைத் துடைத்துக்கொண்டார். கருவியைப் பையில் வைத்துவிட்டு டிரைவரிடம் திரும்பினார். "போன மூணு தடவை யார் யார் சரி பண்ணினாங்க?"

"மூணும் வேற வேற ஆள், மேடம். வேணும்னே கெடுத்துட்டுத் திரும்ப வரவழைக்கறாங்களோன்னு ஒவ்வொரு தடவையும் ஆளை மாத்தினேன்."

"என்ன கோளாறுன்னு சொன்னாங்க?"

"முதல்ல ஃப்யூஸ் எரிஞ்சு போச்சு. அடுத்த தடவை ரிலே பாதி கழண்டிருந்துது. மூணாவது, கம்ப்ரஸருக்குப் போற ஒயர்."

"சரி. வேலை முடிஞ்சு போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

டிரைவர் விழித்தார். "போறப்பவா?"

"மெக்கானிக் யாரும் சும்மா போக மாட்டான். தன் பெருமையைச் சொல்லிட்டுத்தான் போவான். யோசிச்சுப் பாருங்க."

டிரைவர் நெற்றியைத் தேய்த்தார். "ஃப்யூஸ் மாத்தினவன்... ஆங், 'ரிலே கழண்டிருந்தா இவ்வளவு சுளுவா முடிஞ்சிருக்காது'ன்னான். அடுத்தவன் ரிலேயை அழுத்திட்டு, 'நல்லவேளை, கம்ப்ரஸர் ஒயர் கழண்டிருந்தா வண்டிக்கு அடியில படுத்துத் தேடணும்'னான். மூணாவது ஆளு..." அவர் பேச்சு தேய்ந்தது.

"மூணாவது ஆளு?"

"'அந்தப் பிரஷர் சுவிட்ச் ப்ளக் கழண்டிருந்தா நானே கோட்டை விட்டிருப்பேன்'னான்."

சர்வேயர் பானெட்டுக்குள் குனிந்தார். முன்பக்கம் அலுமினியக் குழாயில் கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் மேல் ப்ளக் பார்வைக்கு ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டதும் அப்படியே கையோடு வந்தது. ஒரு ஒயர் அறுபடவில்லை, ஒரு கொக்கி உடையவில்லை. கழற்றி, மேலே சும்மா வைத்திருந்தார்கள்.

அழுத்திச் செருகினார். டக்.

"எல்லாரும் ஸ்பானரை வெச்சுத் தேடுவாங்க. நீங்க வாயைக் கிளறியே எடுத்துட்டீங்க," என்றான் ஸ்டெப்னி. இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

காருக்குள் குளிர் பரவியது. டிரைவர் ஓடிப்போய் உட்கார்ந்து காற்று வரும் வழியில் முகத்தை வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. "இந்தா, இங்க வா! வந்து கையை வெச்சுப் பாரு!"

உள்ளே தையல் மெஷின் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. அவள் ஜன்னல் ஓரத்திலேயே நின்றிருந்தாள். வெளியே வந்து கையை வைத்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள். கையை உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டதைச் சர்வேயர் பார்த்தார்.

"நாளைக்கே ஏர்போர்ட் சவாரி கேக்கப் போறேன்!"

"நாளைக்கேவா?"

"பின்ன? இத்தனை நாள் பட்டினி போதாதா?"

தெருக்குழாயில் கை கழுவும்போது சர்வேயர் தாழ்ந்த குரலில் கேட்டார். "முதல்ல வந்த ஃப்யூஸைத் தள்ளு. அது தானா எரியும். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கோளாறும் முந்தின மெக்கானிக் சொல்லிட்டுப் போனது. எங்க நின்னு சொன்னாங்க?"

"இந்த வாசல்ல." ஸ்டெப்னியின் கை குழாயிலேயே நின்றது. "கூலிங்குக்கு ஸ்டாண்டுலேருந்து காது இவ்வளவு தூரம் நீளாது."

"டீ குடுத்தவங்களுக்கு நீள வேண்டியதே இல்ல."

"அண்ணியா? அவங்களுக்கு என்ன லாபம் மேடம்? சவாரி போனா அவங்க அடுப்பும்தானே அணையும்?"

"அவங்க ரொம்ப நாளா வண்டியை வித்துட்டுக் கடை வைக்கலாம்னு நச்சரிக்கறாங்கன்னு அவர் ஆபீஸ்லயே சொன்னார் இல்லையா? ஏ.சி. போன வண்டி, சலிச்சுப்போன புருஷன். வித்துடுவார்னு கணக்குப் போட்டிருக்காங்க. எதையும் உடைக்கல பாரு, விக்கற பொருளாச்சே. வாங்கறதுக்கு ஒருத்தன் கண்ணாடி போட்டுட்டுத் தயாரா இருக்கான்." சர்வேயர் கையை உதறினார். "ஒரு ஓட்டம் போகலாம். அவங்களையும் கூட்டிக்கிட்டு. ஏ.சி. நல்லா ஓடறதைப் பாத்தா முகம் காட்டிக் குடுத்துடும்."

கூட்டிப்போக வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பைபாஸ் வரை போய் வரலாம் என்று சர்வேயர் சொன்னதுமே, "நானும் வரேன்," என்று அவள் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிவிட்டாள். வீட்டைப் பூட்டக்கூட அவள் மறந்துவிட்டதால், டிரைவர் போய்ப் பூட்டிவிட்டு வர வேண்டியதாயிற்று.

மதிய வெயில் ரோட்டில் தண்ணீர் போலத் தளதளத்தது. உள்ளே சுகமான குளிர். சர்வேயர் முன்சீட்டில் இருந்தார். தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கி, அதிலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே, யாரைக் கூப்பிடுவது? தங்கை பையனுக்கு எந்தக் காலேஜ்? அந்தச் சிவப்புக் கட்டடம் என்ன கட்டடம்? டிரைவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். பதில் வரத் தாமதமானால் அதே கேள்வியை உரக்கக் கேட்டாள். ஒரு தடவைகூட ஏ.சி.யின் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்வை டிரைவரின் பக்கமே இருந்தது.

பயம் பேச வைக்கிறது என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார். வாயை அடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

"கொஞ்ச நேரம் பேசாம வரீங்களா? கம்ப்ரஸர் விட்டு விட்டு ஒட்டுதான்னு கேக்கணும்."

"இல்ல, நான் மெதுவாப் பேசறேன்..."

"அதான் மேடம் சொல்றாங்க இல்ல? சும்மா வா," என்றார் டிரைவர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

கார் ஒரே சீராக ஓடியது. டயரின் சத்தம் மட்டும். பின்சீட்டில் அவள் பக்கத்தில் இருந்த ஸ்டெப்னி கால் நீட்டிச் சாய்ந்து, "மேடம், இந்தக் கேஸ்ல நமக்குச் சம்பளமே வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் இப்படி..." என்று ஆரம்பித்தான்.

கார் மெல்ல நடுக்கோட்டின் பக்கம் சாய்ந்தது. அவசரமில்லாமல், அங்கே போகத்தான் புறப்பட்டதுபோலப் போயிற்று. எதிரே ஒரு லாரி. அது ஹார்ன் அடித்தது. கார் கோட்டைத் தாண்டியது. மறுபடி ஹார்ன்.

"என்னங்க!" அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து அவர் தோளில் ஓங்கி அறைந்தாள்.

டிரைவரின் கண் பாதி திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

சர்வேயர் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது ஹார்ன் காதைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் போயிற்று. லாரியின் காற்றில் கார் அப்படியே ஆடியது. சரளைக் கற்கள் அடியில் மோதின. பிறகுதான் டிரைவரின் கால் பிரேக்கில் விழுந்தது. எஞ்சின் உதறி நின்றது.

புழுதி மெல்ல அடங்கியது. ஸ்டெப்னி பின்கதவைத் திறந்து இறங்கி, சரளையிலேயே உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா மேடம்?" டிரைவர் வியர்த்துப்போயிருந்தார். "கண்ணை மூடிக்கிட்டு வரானுங்க, லாரிக்காரனுங்க. நான் மட்டும் ஒடிக்கலேன்னா..."

சர்வேயர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "அவன் ஹார்ன் அடிச்சது கேட்டுதா?"

"கேக்காம? அதைக் கேட்டுத்தானே ஒடிச்சேன்!"

"எத்தனை தடவை அடிச்சான்?"

"ஒரு தடவை."

வெளியே உட்கார்ந்திருந்த ஸ்டெப்னி தலையைத் தூக்கினான்.

"மூணு தடவை, அண்ணே. ஸ்டீயரிங்கை ஒடிச்சது நீங்க இல்ல. மேடம்."

டிரைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் மனைவியிடம் வந்து நின்றார். அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க," என்றாள். "ஏ.சி.யைக் கழட்டி விட்டது நான்தான்."

"நீயா?"

"முதல் தடவை ஃப்யூஸ் தானாப் போச்சு. ஜன்னலை எல்லாம் இறக்கி விட்டு ஓட்டினீங்க. அனல் காத்து மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருந்துது. அந்த நாள்ல எல்லாம் உங்க கண்ணு சொருகவே இல்ல. தூரத்துச் சவாரியும் வரல. ராத்திரி வீட்டுக்கு வந்தீங்க. எனக்கு அது போதும்னு இருந்துது. அப்புறம் ஒருத்தன் வந்து சரி பண்ணிட்டான். போறப்ப ரிலேன்னு ஒண்ணு சொன்னான்."

"எனக்கு என்னடி கேடு? நல்லாத்தானே இருக்கேன்?"

"ராத்திரி பக்கத்துல படுத்திருக்கறது நான். உங்களுக்கு என்ன தெரியும்? குறட்டை விட்டுக்கிட்டே இருப்பீங்க, திடீர்னு மூச்சு நின்னுடும். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். வராது. எழுப்பலாம்னு கையை எடுப்பேன், தண்ணியில முங்கினவன் தலையைத் தூக்கற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு வரும். விடிய விடிய இதுதான். அப்புறம் காலையில சாவியை எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப பாலத்துச் சுவத்துல உரசினோமே. நாய் குறுக்க வந்துதுன்னீங்க. எந்த நாயும் வரலீங்க. டாக்டர்கிட்டப் போகலாம்னேன். 'லைசென்ஸைப் பிடுங்கிடுவான், என்னை வீட்ல உட்கார வைக்கப் பாக்கறியா'ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. வண்டியை வித்துடலாம்னேன். அதுக்கும் கத்தினீங்க. நான் வேற என்னதான் பண்ணுவேன்?"

"ஸ்டாண்டுல அத்தனை பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க. சவாரிக்கு வந்தவங்க இறங்கி இறங்கிப் போனாங்க. அத்தனையும் பாத்துக்கிட்டு..."

"சிரிக்கட்டும். நீங்க இருந்தாத்தானே அவங்க சிரிக்க முடியும்?"

டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். ரோட்டோரத்துத் தடுப்புக் கம்பியில் போய் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

சர்வேயரும் இறங்கினார். ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். சரளையில் கார் உழுத கோடு தெரிந்தது. அதற்கு முன்னால், தார் ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை. இப்படித் தடமில்லாத ரோடுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அதன் முடிவில் நின்ற வண்டிகளையும் பார்த்திருக்கிறார். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு அந்த வண்டிக்குள் உட்கார்ந்து, விழித்திருந்த ஒரே ஆளை வாயை மூடச் சொன்னது அவர்தான்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார் சர்வேயர். "கையை மட்டும் கண்டுபிடிச்சேன். எதுக்குன்னு கேக்கல. நீங்க கண்டுபிடிச்சுத்தான் ஆகணுமான்னு கேட்டப்பவாவது நான் திருப்பிக் கேட்டிருக்கணும்."

"நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொன்னா அவர் மானம் போயிடுமேன்னு..."

டிரைவர் தலையைத் தூக்காமலே பேசினார். "எனக்கு ஓட்டறதைத் தவிர வேற எதுவும் தெரியாது மேடம். வீட்டுல உட்கார்ந்தா செத்துடுவேன்."

"ஓட்ட வேணாம்னு யார் சொன்னா? முழிச்சுக்கிட்டு ஓட்டுங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு. ஓட்டறவங்க நிறையப் பேருக்கு வர்றதுதான். வெளியில சொல்ல மாட்டாங்க." சர்வேயர் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க. இப்பவே போகலாம்."

டிரைவர் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில் அதைச் சர்வேயரிடம் கொடுக்காமல், மனைவியைப் பார்த்து நீட்டினார். அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டிரைவரின் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கழுத்தை நாடாவால் அளந்தார். "ராத்திரி எப்படித் தூங்கறார்?" என்று அவரைக் கேட்காமல் மனைவியைக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ராத்திரி இங்க படுக்க வெச்சு டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல," என்றார் டாக்டர். "தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வருது. ராத்திரி பூரா நீங்க தூங்கவே இல்ல, அதான் பகல்ல ஆளைச் சாய்க்குது. மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்கினா முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிடும். கொஞ்சம் எடையும் குறைக்கணும். நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டீயரிங் பக்கம் போகாதீங்க."

"அதுவரைக்கும் வண்டி?"

அதற்குப் பதில் ஸ்டெப்னியிடம் இருந்தது. வராந்தாவில் நின்று அவன் கூலிங்குக்குப் போன் பண்ணியிருந்தான். இப்போது போனை ஸ்பீக்கரில் போட்டு டிரைவர் பக்கம் நீட்டினான்.

"அண்ணே," என்றது போன். "ஒரு நாள் ஏர்போர்ட்லேருந்து உங்க பின்னாடியே வந்தேன். நீங்க வந்த விதத்தைப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கல. சொன்னா உங்க பொழைப்பு போயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புதான். நீங்க தேறி வர்ற வரைக்கும் உங்க வண்டியை என் மச்சான் ஓட்டட்டும். வர்றதுல பாதி உங்களுக்கு. நல்லாத் தூங்கிட்டு வாங்க."

டிரைவர் போனை வாங்கி, "சரிப்பா," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது சர்வேயர் ஓட்டினார். யாரும் சொல்லாமலே நான்கு ஜன்னலும் இறங்கியிருந்தன. சாயங்கால வெயிலும் புழுதியும் உள்ளே வந்தன. ஸ்டெப்னி முன்சீட்டில் இருந்தான்.

பின்சீட்டில் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை சரியும், உடனே தூக்கிக்கொள்வார். கண்ணை அகலத் திறந்து ரோட்டைப் பார்ப்பார். மறுபடி சரியும்.

"எதுக்குங்க இப்படிப் போராடறீங்க?" என்றாள் அவள். "இப்ப நீங்க ஓட்டல."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அவள் தோளில் சாய்ந்தார். அவள் எட்டித் தன் பக்கத்து ஜன்னலை ஏற்றினாள். அவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அதையும் ஏற்றினாள்.

"மேடம்," என்றாள் முன்னால் குனிந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில். "ஏ.சி.யைப் போடுங்க."